கலைக்கிறது வேற, சாய்க்கிறது வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல வெளிநாட்டு நாய் வளக்கிறதைப் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தியள், அதில கோர்கியைப் பற்றி ஒரு நாலு வரி, இங்கிலாந்து ராணி வளத்த மடிநாய், பாக்க வடிவு, வீட்டுக்குள்ள வச்சிருக்கலாம், ஆனா ஆக்களின்ர குதிக்காலைக் கடிக்கிற கெட்ட பழக்கம் இருக்கு, குட்டியிலயே அடிச்சு நிப்பாட்ட வேணும் எண்டு. வாசிச்ச நேரத்தில இருந்து எனக்கு மனம் ஆறேல்ல ஐயா. அடிச்சு நிப்பாட்டுங்கோ எண்ட அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுறன். கோர்கி மடிநாய் இல்லை, ஆடு மாடு சாய்க்கிற நாய். குதிக்காலைக் கடிக்கிறது அதின்ர தொழில், அந்தத் தொழிலுக்காகவே வேல்ஸ் நாட்டுச் சனம் தலைமுறை தலைமுறையாத் தெரிஞ்செடுத்து வளத்த குணம்.

நான் வேலணையாள். எங்கட அப்பு செம்மறி வச்சிருந்தவர். விடியப் பட்டி திறந்து தரவையில விட்டிட்டு பொழுதுபடேக்க சாய்ச்சுக்கொண்டு வாறது எங்கட வேலை, நானும் தம்பியும் ஆளுக்கொரு கம்போட பின்னால ஓடுவம், தோட்டக்காரர் வந்து கேட்டினம் எண்டா ராவில அவையின்ர காணியில பட்டி அடைச்சு விடுவம், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குப் பசளை. எங்கட யாழ்ப்பாணச் செம்மறிக்கு வெள்ளைக்கார ஆடுகள் மாதிரிச் சடை மயிர் இல்லை, கட்டை மயிர், சின்ன உருவம், வெயிலுக்கும் காஞ்ச புல்லுக்கும் தாக்குப்பிடிக்கும். தம்பி இப்பவும் ஒரு பதினாலு வச்சிருக்கிறான். நான் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப் பென்சன் எடுத்தனான், எனக்கு நாய் வியாபாரமும் இல்லை நாய் வைத்தியமும் தெரியாது.

2018ல மகளுக்குப் பிள்ளை பிறந்த நேரம் வேல்ஸுக்குப் போய் அஞ்சு மாசம் நிண்டனான், கார்மார்தன் பக்கம். ஆக்களை விட ஆடு கூட இருக்கிற நாடு அது, பஸ்ஸில போனாலும் ரெண்டு பக்கமும் மலைச்சரிவெல்லாம் வெள்ளை வெள்ளையாச் செம்மறிதான். மகளின்ர வீட்டுக்குப் பின்னால ஒரு வயசான மனுசியின்ர பண்ணை. அவவிட்ட ஒரு நாய் நிண்டுது, நீட்டு உடம்பு, முழங்கால் உயரம் கூட வராத கட்டைக் கால், பெரிய காது, நரி வால் மாதிரிப் பெரிய வால். இது ராணியின்ர நாய் எல்லோ எண்டு கேட்டன். இல்லை, ராணியிட்ட இருக்கிறது பெம்புறோக் கோர்கி, அதுக்கு வால் கட்டை, இது கார்டிகன் கோர்கி, இதுதான் பழசு எண்டு சொன்னா. ரெண்டும் வேல்ஸில பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள்ல வந்ததுகள், முந்தி ஒண்டாத்தான் கணக்கெடுத்தவையாம், 1934லதான் நாய் இனங்களைப் பதியிற லண்டன் கெனல் கிளப் ரெண்டையும் வேற வேற இனம் எண்டு பிரிச்சது. கோர்கி எண்ட சொல்லே அவையின்ர பாசையில கட்டை நாய் எண்டதுதான், 'கோர்' எண்டா கட்டை, 'கி' எண்டா நாய். ராணியின்ர கதையும் அந்த மனுசிக்குப் பாடம், ராணி எலிசபெத்துக்கு ஏழு வயசா இருக்கேக்க 1933ல தேப்பன் வேண்டிவந்த டூக்கி எண்ட நாய், பேந்து 1944ல பதினெட்டாவது பிறந்தநாளுக்குக் குடுத்த சூசன், அந்தச் சூசன்ர வழியில வந்ததுகள்தான் பேந்து அரண்மனையில கனகாலம் வளந்ததுகள். உலகம் கண்டது அந்த அரண்மனைப் படத்தை மட்டும்தான். அதால வந்த வினைதான் இந்த மடிநாய்க் கதை.

ரெயில் வர முதல் வேல்ஸில மாட்டை விக்கிறதெண்டா லண்டன் வரைக்கும் நடத்திக்கொண்டுதான் போக வேணும். கிழமைக்கணக்கில நடை. மாட்டுக்கு லாடன் அடிச்சுப் போவினம் (எங்கட வண்டில் மாட்டுக்கு அடிக்கிற மாதிரித்தான்), வாத்துக்கூட்டத்தைக் கூட காலில தார் தோய்ச்சு மணலில நடக்க விட்டு அடி உறைய வச்சுக் கொண்டு போனவையாம். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால நிண்டு தள்ளிக்கொண்டு போக ஒரு நாய் வேணும், மாடு உதைச்சாலும் தலையில படாத நாய். கோர்கி மாட்டின்ர குதிக்காலில ஒரு கிள்ளுக் கிள்ளிப்போட்டு நிலத்தோட பதுங்கும், உதைக்கிற கால் அதின்ர தலைக்கு மேலால போகும். கட்டைக் கால் வடிவுக்கு வந்ததில்லை ஐயா, உயிர் தப்பிறதுக்கு உதவினது. அந்தக் கால் ஏன் கட்டை எண்டும் 2009ல அமெரிக்காவில கண்டுபிடிச்சிட்டினம், எலும்பு வளருறதோட சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின்ர மேலதிகப் பிரதி ஒண்டு எப்பவோ ஒரு காலத்தில உள்ளுக்க புகுந்ததால, டாக்ஸ்ஹுண்ட், பசெற் ஹவுண்ட் எண்ட மற்றக் கட்டைக்கால் நாயளுக்கும் அதே காரணம்தான்.

ஆடு சாய்க்கிற நாய் எண்டா எல்லாரும் யூரியூப்பில பாக்கிறது போர்டர் கொலி. வேல்ஸ் பாலா எண்ட ஊரிலதான் 1873ல பிரித்தானியாவில முதல் ஆட்டுநாய்ப் போட்டி நடந்தது, அதில வெண்டதும் கொலி வகைதான். கொலி சத்தம் போடாது, தூரமாச் சுத்திப் போய் ஆட்டுக்கு அங்கால நிண்டு நிலத்தோட பதுங்கி கண்ணால ஒரு பார்வை பாக்கும், ஆடு தானா எசமானிட்ட வரும். கோர்கி அப்பிடி இல்லை. நிமிந்து நடக்கும், கிட்டப் போகும், குலைக்கும், பின்னால இடமும் வலமும் மாறி மாறி ஓடித் தள்ளும், நகராத ஆட்டின்ர காலில கிள்ளும். கொலி கூட்டிக்கொண்டு வாற நாய், கோர்கி தள்ளிக்கொண்டு போற நாய். கோர்கியின்ர முதல் வேலை மாடுதான், செம்மறிக்கு அந்தக் கடி கொஞ்சம் கடுமை, தோல் மெல்லிசு, பயமும் கூட, அதால செம்மறியோட விடுறதெண்டா கடியை அடக்கிப் பழக்க வேணும். அந்த மனுசியின்ர நாய் செம்மறிக்குப் பின்னால ஒரு ஆறடி தள்ளி நிண்டுதான் குலைக்கும், ஒருநாளும் வாய் வைக்கிறதைக் காணேல்ல. அதை அவ ரெண்டு வருசமாப் பழக்கினதாச் சொன்னா. வேலை முடிய ஒரு சொல்லுச் சொல்லுவா, தற்ல் டூ எண்டு, காணும், விட்டிட்டு வா எண்ட கருத்து, அந்தச் சொல்லுக்கு நாய் ஓடுற ஓட்டத்திலயே திரும்பி வந்திடும். எங்கட 'காணும்' எண்ட சொல்லு தானே அது எண்டு எனக்குச் சரியான சந்தோசம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். எங்கட பக்கம் ராவில தெருநாயள் கூட்டமா வந்து பட்டிக்குள்ள பூந்து ஆட்டைக் கடிச்சுக் குதறிப்போட்டுப் போற கதை எல்லாருக்கும் தெரியும், எங்கட தம்பியின்ரயும் மூண்டு போனது. அதால நாயும் ஆடும் எண்ட உடனே சனத்துக்கு நெஞ்சு பதறும். நியாயம்தான். ஆனா கலைக்கிறது வேற, சாய்க்கிறது வேற. ஓநாயின்ர வேட்டையை எடுத்துப் பாருங்கோ, முதல்ல உத்துப் பாக்கும், பேந்து பதுங்கும், பேந்து கலைக்கும், பேந்து கவ்வும், கொல்லும், தின்னும், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. மனுசர் நாயைத் தெரிஞ்செடுத்து வளக்கேக்க இந்தச் சங்கிலியில வேண்டினதை வச்சு வேண்டாததை அறுத்திட்டினம். கொலியிட்ட உத்துப் பாக்கிறதும் பதுங்கிறதும் பெருத்துப் போச்சு. கோர்கி மாதிரிக் குதிக்கால் நாயளிட்ட கலைக்கிறதும் ஒரு சின்னக் கவ்வலும் நிண்டுது, கொல்லுறது மங்கிப் போச்சு. தெருநாய்க் கூட்டம் ஆட்டைச் சிதற அடிக்கும், சிதறினதில ஒண்டைப் பிடிக்கும். சாய்க்கிற நாய்க்குச் சிதறின ஆடு கண்ணில குத்தும், அது போய்த் திருப்பிக் கூட்டத்தோட சேக்கும் வரைக்கும் அதுக்கு நிம்மதி இல்லை. பாத்தியளெண்டா ரெண்டும் ஓட்டம்தான், ஆனா ஓட்டம் எங்க போய் முடியுது எண்டதில கிடக்கு வித்தியாசம்.

என்ர மருமோன் ஒருத்தன், தமையன்ர மகன், ரவுணில இருக்கிறான், கொழும்பில இருந்து கனக்கக் காசு குடுத்து ஒரு பெம்புறோக் பெட்டைக்குட்டி எடுப்பிச்சவன். செம்பு நிறம், நெஞ்சில வெள்ளை. பேஸ்புக்கில படம் போட எல்லாருக்கும் விருப்பம். எட்டு ஒம்பது மாசம் வரக் கதை மாறிப்போச்சு, பிள்ளையள் முத்தத்தில ஓடி விளையாடினா பின்னால ஓடி குதிக்காலைக் கிள்ளும், மோட்டச்சைக்கிள் சில்லுக்குக் குலைக்கும், விருந்தாளியள் எழும்பி ஒவ்வொரு அறைக்காப் போனா திருப்பி ஹோலுக்குத் தள்ளும். நாய் பழக்கிற ஆள் எண்டு ஒருத்தர் வந்து வாய்க்கூடு போடச் சொல்லி, கடிக்கேக்க மூக்கில அடிக்கச் சொல்லிட்டுப் போனவர். அடிச்சவை. அடிக்க அடிக்கக் கூடிச்சு, பேந்து கதிரைக்குக் கீழ போய்ப் படுத்திட்டுது, சாப்பாடும் இல்லை. நான் போய்ப் பாக்கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது. தம்பி, இது உன்ர பிள்ளையளைக் கடிக்கேல்லையடா, பட்டியில அடைக்கப் பாக்குது, சிதறி ஓடிறதுகள் எல்லாம் அதுக்கு ஆட்டுக்குட்டி எண்டு சொன்னன். அவனுக்கு விளங்கினதோ தெரியேல்ல, மாமி நீங்களே கொண்டு போங்கோ எண்டு தந்திட்டான். ஓட்டோவில பண்ணைப் பாலத்தால கொண்டு வந்தனான், மடியில நடுங்கிக்கொண்டு கிடந்தது. செம்பி எண்டு பேர் வச்சன்.

ஊசியெல்லாம் போட்டு, ஒரு மாசம் என்னோட பழக விட்டு, 'நில்' 'வா' 'காணும்' மூண்டு சொல்லும் வீட்டிலயே பழக்கின பிறகுதான் ஆட்டுப் பக்கம் கொண்டு போனது. இதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது, சின்னக் குட்டியைக் கொண்டு போய் விட்டு ஒரு கிடாய் முட்டிப்போட்டுது எண்டா நாய் பிறகு வாழ்நாளுக்கும் ஆட்டுக்குக் கிட்டப் போகாது. வேல்ஸில அந்த மனுசி காட்டித் தந்த மாதிரியே செய்தன், பட்டிக்குள்ள அமைதியான மறி ஆடு நாலு மட்டும், நாய்க்கு நீட்டுக் கயிறு, என்ர கையில ஒரு கம்பு, அடிக்க இல்லை, நாய்க்கும் ஆட்டுக்கும் இடையில நீட்டி இடைவெளி வைக்க.

முதல் ஒரு அஞ்சு நிமிசம் ஒண்டும் நடக்கேல்ல. செம்பி என்ர காலோட ஒட்டிக்கொண்டு நிண்டவள், ஆடுகள் மூலையில ஒண்டா நெருங்கி நிண்டதுகள், ஒரு கிழட்டு மறி மட்டும் முன்னுக்கு வந்து காலால நிலத்தைத் தட்டிச்சு, செம்மறி நாயைக் கண்டா அப்பிடித்தான் வெருட்டும். தம்பி வேலிக்கு அங்கால நிண்டு பாத்துக்கொண்டு, அக்கா இது சரிவராது, பயந்த நாய் எண்டான். பேந்து அந்த மறி பக்கவாட்டா ரெண்டடி எடுத்து வச்சுது பாருங்கோ, கூட்டத்தை விட்டு. அவ்வளவுதான். செம்பியின்ர காது ரெண்டும் எழும்பிச்சு, உடம்பு முழுக்க வேற நாய் மாதிரிப் போச்சு, ஒருதரும் சொல்லிக் குடுக்காமல், ஆட்டை வாழ்க்கையில காணாத ரவுண் நாய், அரைவட்டமா ஓடி அந்த மறிக்கு அங்கால போய் நிண்டு ரெண்டு தரம் குலைச்சுது, மறி திரும்பிக் கூட்டத்தோட சேந்திட்டுது. சேந்த உடனே செம்பி ஓட்டத்தை நிப்பாட்டிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தாள். சரியோ எண்டு கேக்கிற பார்வை. ஆட்டை இரையாப் பாக்கிற நாய் எசமானைத் திரும்பிப் பாக்காது ஐயா, அதுக்கு நீங்கள் அந்த நேரம் இல்லவே இல்லை. வெளிநாட்டில இந்தக் குணத்தைச் சோதிக்கிறவையும் இதைத்தான் பாப்பினமாம், ஆட்டில ஆசை இருக்கோ, சுத்திப் போகுதோ, கூட்டத்தைச் சேக்கப் பாக்குதோ, கூட வாற ஆளை மறக்காமல் நிக்குதோ எண்டு. தம்பி பேந்து ஒண்டும் கதைக்கேல்ல, வேலியைத் திறந்து கொண்டு உள்ளுக்க வந்திட்டான்.

அதுக்குப் பிறகு எல்லாம் சுகமா நடந்தது எண்டு சொல்ல ஏலாது. மூண்டாம் கிழமை ஒரு மறியின்ர பின்னங்காலைக் கடிச்சு ரத்தம் வந்திட்டுது. பிழை என்னில, நான் செம்பியைக் கெதியாக் கிட்ட விட்டிட்டன், ஆட்டுக்கு ஓட இடமில்லாமல் மூலையில நெருக்கி நிண்டது. ஆட்டுக்கு ஒவ்வொண்டுக்கும் தன்ரை எண்டு ஒரு வட்டம் இருக்கு, அதுக்குள்ள ஆரும் வந்தா நகரும், வட்டத்தின்ர விளிம்பில நிண்டா நிதானமா நகரும், உள்ளுக்க பாய்ஞ்சா வெருண்டு ஓடும். தோளுக்குப் பின்னால நிண்டா முன்னுக்குப் போகும், தோளுக்கு முன்னால வந்தா பின்னுக்குத் திரும்பும். அமெரிக்காவில ரெம்பிள் கிராண்டின் எண்ட கால்நடை விஞ்ஞானி இதையெல்லாம் படம் கீறி விளங்கப்படுத்தி இருக்கிறா, ஆனா எங்கட அப்புவும் இதைத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவர், தோளுக்கு முன்னால போகாதை பிள்ளை, திரும்பிடும் எண்டு. படிச்சதும் அப்பு சொன்னதும் ஒண்டா வந்து பொருந்தின நேரம் எனக்கு அப்பு பக்கத்தில நிக்கிற மாதிரி இருந்தது. பேந்து ஒரு மாசம் கயிறு அவிழ்க்கேல்ல, வட்டத்தின்ர விளிம்பில 'நில்', ஆடு நகர 'போ', வாய் கிட்டப் போனா கம்பை இடையில நீட்டி 'காணும்', அவ்வளவுதான், ஒரு அடி இல்லை.

இப்ப பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு தரவையில இருந்து பதினாலும் வீட்டுக்கு வாறது செம்பியாலதான். அவள் பின்னால இடமும் வலமுமா நெளிஞ்சு நெளிஞ்சு வாறாள், தம்பி முன்னால போய்ப் படலை திறக்கிறான். தம்பிக்கு முழங்கால் நோ, முந்தி உச்சி வெயிலில அலைஞ்சவன், இப்ப கம்பை ஊண்டிக்கொண்டு நடந்தாக் காணும். பிள்ளைத்தாச்சி மறியும் சின்னக் குட்டியளும் நிக்கிற நேரம் மட்டும் செம்பியைக் கட்டி வைப்பம், தாய் ஆடு குட்டிக்காக முட்ட வரும், அது ரெண்டு பேருக்கும் கூடாது. மருமோன்ர பிள்ளையள் லீவுக்கு வந்தால் கூட இப்ப குதிக்காலைத் தொடுறதில்லை, வேலை செய்து களைச்ச நாய், வந்து திண்ணையில படுத்திடும்.

எல்லாக் கோர்கியும் செம்பி மாதிரி வரும் எண்டு நான் சொல்லேல்ல. எத்தினையோ தலைமுறையா அழகுப் போட்டிக்கெண்டே வளத்ததுகளும் இருக்கு, சிலது ஆட்டைப் பாத்திட்டுப் புல்லை மணந்துகொண்டு போயிடும், சிலது கடி கூடிப்போய் ஆட்டுக்கு ஆகாது. வாங்க யோசிக்கிற ஆக்களுக்கு இன்னொண்டும் சொல்லோணும், அதின்ர முதுகு நீட்டு, பாரம் ஏறினா முள்ளந்தண்டு பழுதாப் போகும், கட்டிலில இருந்து குதிக்க விடக்கூடாது, சோறும் பாலும் போட்டு உருட்டி வைக்கக்கூடாது. மேலுக்கு ஒரு மயிர் உள்ளுக்கு ஒரு மயிர் எண்டு ரெண்டு அடுக்கு, குளிர் நாட்டுக்கு அமைஞ்ச உடம்பு, எங்கட சித்திரை வைகாசி வெயிலில பத்து மணிக்குப் பிறகு வேலைக்கு விட்டா உயிருக்கே மோசம். வெயில் எண்டு மயிரை வழிச்சு விடுறவையும் இருக்கினம், அப்பிடிச் செய்யாதேங்கோ, அந்த மயிர்தான் வெயிலையும் மறைக்கிறது. காலமை ஆறு மணியும் பின்னேரமும்தான் செம்பிக்கு வேலை, மற்ற நேரம் வேப்பமர நிழலும் ஈரச்சாக்கும். இதுக்கெல்லாம் நேரமில்லாத ஆக்கள் தயவுசெய்து வாங்காதேங்கோ. கட்டாமல் விட்டு மற்றவையின்ர ஆட்டுக்குள்ள ஓட விடுறதும் கூடாது, பழக்காத நாயின்ர ஓட்டத்துக்கே வயித்தில இருக்கிற குட்டி விழுந்திடும்.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட நான் கேக்கிறது ரெண்டு விசயம். அடிச்சு நிப்பாட்ட வேணும் எண்டு போட்டதை ஒருக்காத் திருத்திப் போடுங்கோ, பேப்பரில வந்தா எங்கட சனம் நம்பும், எத்தினை வீட்டில எத்தினை நாய்க்கு அடி விழுந்திருக்குமோ எண்டு நினைக்க நித்திரை வரேல்ல. மற்றது, தீவுப்பகுதியிலயோ வலிகாமத்திலயோ ஆரும் கோர்கி வச்சிருந்து, காலைக் கடிக்குது எண்டு ஆருக்கும் குடுக்கவோ துரத்திவிடவோ யோசிச்சால், அதுக்கு முதல் ஒரு சனிக்கிழமை காலமை வேலணைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கோ. தம்பியின்ர நாலு மறி ஆடும் என்ர நீட்டுக் கயிறும் இருக்கு, காசு ஒண்டும் வேண்டாம், ஊசி போட்ட துண்டு மட்டும் கொண்டு வரோணும். என்ர விலாசமும் போன் நம்பரும் தனித் தாளில வச்சிருக்கிறன், அச்சில போடாமல் கேக்கிற ஆக்களுக்கு மட்டும் குடுங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வேலணை.